பட்டியலில் முதல் பெயர்

அஸ்தினாபுரம், சென்னை-64
19 ஜனவரி 1992

அன்புள்ள தம்பி ஏசுபாதத்துக்கு,

தபீதாள் அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உயிரோடும் முழங்கால் வலியோடும் இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் ஜெனீவா குளிரில் சுகம்தானா? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

உன் புத்தாண்டு வாழ்த்து வந்தது. அதே தபாலில் உங்கள் துணைக்கரம் நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'நிச்சயமற்ற காலங்களில் கருணைமிகு தலைமை.' பதினெட்டுப் பக்கம். தமிழில்தான் இருந்தது என்று எழுத்துகளை வைத்துக் கண்டுபிடித்தேன். எல்லா ஊழியர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் உத்தரவு. பட்டறை ஆட்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து வாசித்தேன். 'தலைவர் என்பவர் முதன்மையாகச் செவிசாய்ப்பவர்' என்ற இடத்தில் குப்புராஜ் எழுந்து ரிவெட் அடிக்கப் போய்விட்டார். ஏனய்யா என்றால், "நீங்க படிச்சிகினே இருங்க மேடம், காது இங்கதான் கீது" என்றார்.

ஜெனீவாவில் இருந்தால் இங்கிருப்பது மறந்துபோகும் என்பதால் நினைவூட்டுகிறேன். இது போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகளுக்குக் காலிப்பர் செய்யும் பட்டறை. காலின் இரு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முழங்காலிலும் தோல் பட்டை, கீழே பூட்ஸ். அதை மாட்டினால் தவழ்கிற பிள்ளை எழுந்து நிற்கும். துணைக்கரம் தரும் பணத்தில் பதினொரு வருஷமாக இதைத்தான் செய்கிறோம், நடத்தும் பொறுப்பு என்னுடையது. தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் நூற்று நாற்பது பிள்ளைகள் எங்கள் இரும்பில் நடக்கிறார்கள். குப்புராஜும் அப்படி நடப்பவர்தான். தன் காலிப்பரைத் தானே செய்துகொண்டவர்.

சுற்றறிக்கையில் பதினோராம் பக்கத்தில், 'சில திட்டங்கள் கண்ணியமான நிறைவை எய்தும்' என்று ஒரு வரி இருக்கிறது. மறுசீரமைப்புக் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதாக நீயே வாழ்த்து அட்டையில் எழுதியிருக்கிறாய். ஆகவே உன்னைக் கேட்கிறேன். பட்டறையை மூடப் போகிறீர்களா? உண்டு அல்லது இல்லை. பதினெட்டுப் பக்கம் வேண்டாம், ஒரு கார்டு போதும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
தபீதாள்


ஜெனீவா
24 பிப்ரவரி 1992

பாசமிகு அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். சின்னவளுக்கு இருமல் குறைந்துவிட்டது. தங்கள் முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

தங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனையை நான் முழுமையாக உணர்கிறேன். அதே சமயம் இங்குள்ள சூழ்நிலையையும் தாங்கள் உணர வேண்டும். சோவியத் நாடு போனதிலிருந்து உலகமே புரண்டு படுத்திருக்கிறது. யூகோஸ்லாவியாவில் சண்டை. உதவி செய்கிறவர்களின் கண்கள் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. இப்படிப்பட்ட காலத்தில் நிறுவனம் மாறாவிட்டால் நிறுவனமே இருக்காது.

எங்கள் புதிய இயக்குநர் திருமதி ஆல்பெர்க் பழைய அதிகாரிகளைப் போன்றவர் அல்ல. கடைநிலை ஊழியரின் கண்ணீரையும் தன் கண்ணீராக நினைப்பவர். எதையும் முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது என்பது அவருடைய கொள்கை. மார்ச் மாதம் அவரே நேரில் அஸ்தினாபுரம் வந்து எல்லோருக்கும் செவிசாய்ப்பார். நானும் உடன் வர முயல்கிறேன். குப்புராஜ் போன்றவர்களை மனம் திறந்து பேசச் சொல்லுங்கள்.

மற்றவை நேரில்.

தங்கள் அன்புத் தம்பி
ஏசுபாதம்


அஸ்தினாபுரம்
29 மார்ச் 1992

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். தவிடு வாங்கினேன், வலி அப்படியே இருக்கிறது.

'மற்றவை நேரில்' என்று எழுதினாய். நீ வரவில்லை. தவிர்க்க முடியாத அலுவல் என்று அந்த அம்மாள் சொன்னார்கள். உனக்காக வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று கார்கள் வந்தன. எங்கள் சந்தில் ஒரு கார்தான் நுழையும், எனவே பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சாக்கடையைத் தாண்டி வந்தார்கள். நாற்காலி போட்டிருந்தோம். உன் இயக்குநர் அம்மாள் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து சமமாகப் பேச வேண்டுமாம். அவர் சட்டென்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். காலிப்பர் போட்ட மனிதன் எப்படித் தரையில் உட்காருவான்? முழங்கால் பூட்டைக் கழற்றி, சுவரைப் பிடித்து, சரிந்து விழ வேண்டும். குப்புராஜும் பிள்ளைகளும் நின்றுகொண்டே இருந்தார்கள். அம்மாள் அண்ணாந்து பார்த்து, இவர்கள் ஏன் நம்மோடு இயல்பாக இல்லை என்று மொழிபெயர்ப்பாளரிடம் வருத்தத்தோடு கேட்டார்.

குப்புராஜை மனம் திறந்து பேசச் சொன்னார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "புள்ள வளருதும்மா. இரும்பு வளருமா? வருஷத்துக்கு ஒரு தபா மாத்தணும். மாத்தலேன்னா மறுபடியும் தவழும். வேற இன்னா பேசறது?"

மொழிபெயர்ப்பாளர் இதை ஐந்து நிமிஷம் சொன்னார். என்ன சொன்னாரோ, அம்மாள் அழுதுவிட்டார். பிறகு கன்னியம்மாவை நடந்து காட்டச் சொன்னார்கள். நெடுங்குன்றத்துப் பெண், பத்து வயசு. அம்மா செல்லம்மா கல் உடைக்கிற வேலைக்குப் போகிறவள். ஐந்தாம் வகுப்பில் முதலாவது வந்திருக்கிறாள், ஜூனில் வண்டலூரில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். இரண்டு மைல் நடை. காலிப்பர் இப்போதே ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது, மே மாதம் புதிது மாட்டுவதாக அளவெடுத்து வைத்திருக்கிறோம். அவள் வட்டத்தின் நடுவில் நடந்தாள். அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். போட்டோக்காரர் இரண்டு பக்கமும் போய் எடுத்தார். கார் போன பிறகு கன்னியம்மா என்னிடம், "நான் ஒழுங்காத்தானே நடந்தேன், அவங்க ஏன் அழுதாங்க?" என்று கேட்டாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா
தபீதாள்


அஸ்தினாபுரம்
3 மே 1992

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மார்ச் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி மூடச் சொல்லி உத்தரவு வந்தது. முப்பதாம் தேதி பூட்டினோம். உத்தரவில் மிகவும் மரியாதையான சொற்கள். 'அஸ்தினாபுரம் மக்களிடம் ஆழ்ந்து செவிசாய்த்த பின்' எடுத்த முடிவாம். கீழே சின்ன எழுத்தில், எந்தத் தீர்மானத்தின்படி என்று எண்ணும் தேதியும் தட்டச்சு செய்திருந்தார்கள். தேதி, 6 ஜனவரி 1992. அந்த அம்மாள் தரையில் உட்காருவதற்கு இரண்டரை மாதத்துக்கு முன்னால். செவி மார்ச்சில் வந்தது, பதில் ஜனவரியிலேயே எழுதி வைத்தாகிவிட்டது. ஊரில் கைரேகை பார்ப்பவன்கூட உள்ளங்கையைப் பார்த்த பிறகுதான் பொய் சொல்லுவான்.

பட்டறைக்குப் பதிலாக எங்களுக்கு இரண்டு நாள் கருத்தரங்கு கொடுத்தார்கள். ஏ.சி. ஓட்டல். 'குடும்பமே மறுவாழ்வு மையம்.' வீட்டு வாசலில் இரண்டு மூங்கில் நட்டு, பிள்ளை அதைப் பிடித்து நடக்கப் பழக வேண்டுமாம். செல்லம்மா கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். கை தூக்கிக் கேட்டாள்: "வூட்டாண்ட மூங்கில புடிச்சிகினு நடக்கும், சரி. இஸ்கோலுக்குப் போவசொல்ல அதையும் தூக்கினு போவணுமா?" பயிற்சியாளர் மிகவும் பாராட்டினார். அந்தக் கேள்வியைப் பெரிய தாளில் பச்சை மையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பதிலை ஒட்டவில்லை. பிறகு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள்.

இருபத்தாறு பிள்ளைகளுக்கு அளவெடுத்தது பாதியில் நிற்கிறது. நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பதில் எழுது.

தபீதாள்


ஜெனீவா
10 ஜூன் 1992

அன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலனுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறோம். தொடர்ந்த பயணங்களால் உடன் எழுத இயலவில்லை.

தங்கள் கடிதத்தின் தொனி என்னைக் காயப்படுத்தியது. ஆனாலும் புரிந்துகொள்கிறேன். மாற்றம் வரும்போது முதலில் வருவது கோபம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். தாங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். இது கடந்து போகும். தாங்கள் ஒரு பட்டறையைப் பார்க்கிறீர்கள். நாங்கள் நாற்பது நாடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேதி விஷயம் அலுவலக நடைமுறை சார்ந்தது, அதற்குப் பெரிய அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. பாங்காக் அலுவலகத்தில் 'கருணைமிகு தலைமைக்கான ஆலோசகர்' என்று ஒரு பதவி உருவாகிறது. தங்கள் பெயரை நானே சொல்லியிருக்கிறேன். திருமதி ஆல்பெர்க்குக்கும் தங்கள் மீது தனி மதிப்பு.

இன்னொன்று. ஆண்டறிக்கைக்கு மாற்றத்தால் பயனடைந்த குழந்தை ஒன்றின் கதை தேவைப்படுகிறது. அரைப் பக்கம் எழுதி அனுப்பினால் நன்றாக இருக்கும்.

தங்கள் தம்பி
ஏசுபாதம்


அஸ்தினாபுரம்
5 ஜூலை 1992

தம்பி,

இங்கு வெயில் இன்னும் தணியவில்லை. உடம்புக்குக் குறைவில்லை.

அரைப் பக்கம் கேட்டாய். எழுதுகிறேன்.

கன்னியம்மா ஜூன் எட்டாம் தேதி வண்டலூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். பழைய காலிப்பர்தான். குட்டையாகிவிட்டதால் தொடைப் பட்டையின் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் தசையில் இறங்கும். கூடப் படிக்கும் பெண் பையைத் தூக்கிக்கொண்டதால் பத்து நாள் நடந்தாள். வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அம்மா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாள் என்று பயம். பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துதான் செல்லம்மாவுக்குத் தெரிந்தது. நான் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண், சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். காலிப்பரைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். இரண்டு கையையும் ஊன்றித் தவழ்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது வெட்கப்பட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பிறகு தவழவே இல்லை, நான் கிளம்பும் வரைக்கும்.

இதுதான் பயனடைந்த குழந்தை. அச்சில் அரைப் பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

பாங்காக் வேண்டாம். கருணைக்கு ஆலோசகர் வைக்கிற இடத்தில் எனக்கு வேலை இருக்காது. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று உன் பயிற்சிப் புத்தகத்தில் பார்த்துக்கொள். அம்மா உன்னைப் பெற்றபோது எனக்கு வயது பதினொன்று. உனக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தது நான். அப்போது உன்னிடம் எந்தக் கட்டமும் இல்லை, கையை மட்டும் நீட்டுவாய்.

பட்டறையில் பூட்டு தொங்குகிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தபீதாள்


ஜெனீவா
2 ஆகஸ்ட் 1992

அக்கா அவர்களுக்கு,

நலம். குழந்தையின் நிலை அறிந்து வருந்தினேன்.

அவசரமாக எழுதுகிறேன். பட்டறைக் கருவிகளைப் பெங்களூரிலுள்ள கூட்டாளி அமைப்புக்கு மாற்ற ஆள் வந்தபோது, பூட்டு சரியாக இருக்க, உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிய வந்திருக்கிறது. தையல் இயந்திரம், சாணைக்கல், கால் அச்சுகள் எதுவும் இல்லையாம். இதைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்தால் உடனே தெரிவிக்கவும். தம்பி என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் வேறு வழிகளில் போகாமல் பார்த்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்வேன்.

ஏசுபாதம்


அஸ்தினாபுரம்
30 ஆகஸ்ட் 1992

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் இந்த மாதம் போலீஸ் ஸ்டேஷன் பார்த்தேன். நம் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள்.

உன் கடிதம் பதினாலாம் தேதி வந்தது. கான்ஸ்டபிள் பதின்மூன்றாம் தேதியே வந்துவிட்டார். என்னையும் குப்புராஜையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வயசானவர், சிட்டிபாபு என்று பெயர். புகாரை வைத்துக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "சுத்தி மூணு, உளி ஆறு, கட்டையில செஞ்ச காலு அச்சு பன்னெண்டு. இதுக்கா சுவிட்சர்லாந்துலேர்ந்து கம்ப்ளெய்ன்ட்?"

நான் மறைக்கவில்லை. சாவி என்னிடம் இருந்தது, திறந்தவள் நான் என்று சொன்னேன். மே மாதக் கடைசியில் மீன்பாடி வண்டியில் ஏற்றி, நாகல்கேணியில் குப்புராஜின் மச்சான் துளசிங்கம் செருப்பு தைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பாதியில் நின்ற இருபத்தாறில் பதினேழு முடித்துவிட்டார்கள். கன்னியம்மாவினது பதினெட்டாவது. புண் ஆறட்டும் என்று அளவைத் திரும்ப எடுக்கக் காத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர் குப்புராஜைப் பார்த்து, சாமானெல்லாம் எங்கே என்றார். குப்புராஜ் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "இதுவும் அந்தச் சாமான்ல செஞ்சதுதான் சார். லிஸ்ட்ல வுட்டுட்டாங்க. எய்தி எடுத்துக்குங்க" என்று சொல்லிப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பட்டையாகக் கழற்றினார். இன்ஸ்பெக்டர், "யோவ், மாட்டுய்யா, மாட்டுய்யா" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அவர் நல்ல மனிதர். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வழக்கு வேண்டாம் என்று முடித்துவிட்டார். கொடுத்துவிட்டோம். இனி துளசிங்கத்தின் செருப்பு மிஷினில், ஞாயிற்றுக்கிழமைகளில், அவருக்கு வேலை இல்லாதபோது தைக்க வேண்டும். கால் அச்சு புதிதாகச் செதுக்க வேண்டும். மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போயிருக்கலாம் குப்புராஜ், இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

புகாரை என்னிடமும் காட்டினார்கள். துணைக்கரம் சார்பில் கையொப்பமிட்டிருப்பது நீ. தேதி, ஜூலை 20. அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, 'வேறு வழிகளில் போகாமல் பார்த்துக்கொள்வேன்' என்று எனக்கு எழுதினாய். உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைப் போடுவாய். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

தபீதாள்


அஸ்தினாபுரம்
10 ஜனவரி 1993

ஏசுபாதத்துக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து எழுத்தில்லை. உயிரோடு இருக்கிறாய் என்று துணைக்கரத்தின் அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டையில் தெரிந்துகொண்டேன். உன் பெயரும் அதில் அச்சில் இருந்தது. துணை இயக்குநர், மறுசீரமைப்பு. வாழ்த்துகள்.

ஆண்டறிக்கையும் வந்தது. அட்டையில் கன்னியம்மா. மார்ச்சில் எடுத்த படம். நடந்து வருகிறாள், பின்னால் உன் இயக்குநர் அம்மாள் கண்ணைத் துடைக்கிறார். படத்தின் கீழே, 'சமூகமே சுமந்தபோது: மாற்றத்தின் முதல் அடிகள்.' அந்தக் காலிப்பரை நாங்கள் செய்தோம். நீங்கள் மூடினீர்கள். புண் அவளுக்கு, படம் உங்களுக்கு. திருடர்கள் என்று புகார் கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால் இதற்கு வேறு பெயர் இருக்கும், நீ சொல்.

செல்லம்மாவிடம் அட்டையைக் காட்டவில்லை. அவள் அதை மடித்து அடுப்பில் வைத்திருப்பாள், தாள் வழவழப்பு, சரியாக எரியாது.

கன்னியம்மாவுக்கு நவம்பர் கடைசியில் புதுக் காலிப்பர் மாட்டினோம். நடக்கிறாள்.

தபீதாள்


ஜெனீவா
28 மார்ச் 1993

அக்கா,

எப்படி இருக்கிறாய்? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஆறு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் அலுவலகக் கடிதம் போலவே வந்தது. எனக்கு வேறு மாதிரி எழுத மறந்துவிட்டது.

மூட வேண்டிய இடங்களின் பட்டியலைத் தயாரித்தது நான்தான். 1991 டிசம்பரில் ஆசியாவில் ஏழு இடங்கள் கேட்டார்கள். ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் கோப்பு இருந்தது. ஆறு கோப்புகளைப் படித்தேன். அஸ்தினாபுரம் கோப்பைத் திறக்கவில்லை. முதல் பெயராக அதை எழுதினேன். அக்கா நடத்தும் இடத்தைக் காப்பாற்றினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோது திருமதி ஆல்பெர்க் என் கையைப் பிடித்து, இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் பெருமைப்பட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அக்கா. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

மார்ச்சில் அலுவல் ஒன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் வரவில்லை.

புகாரும் அப்படித்தான். நீங்கள் கையெழுத்திட்டால் அது நேர்மைக்கு உதாரணமாக இருக்கும், கட்டாயமில்லை, உங்கள் மனதைக் கேளுங்கள் என்றார் அந்த அம்மாள். மனதைக் கேட்கவில்லை. பேனாவைக் கேட்டேன். பிறகுதான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

அட்டைப் படம் என் மேஜைக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையை விடவும் தைரியம் இல்லை, பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். உன்னிடம் மறைத்ததையெல்லாம் எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஏசு


அஸ்தினாபுரம்
18 ஏப்ரல் 1993

ஏசுவுக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

எங்களை வெறுத்து மூடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோப்பைத் திறக்காமல் மூடியிருக்கிறாய். நல்லவன் என்று பெயர் வாங்க நூற்று நாற்பது பிள்ளைகளின் கால். உலகத்தில் நல்லவர்கள் இல்லாமல் போனாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று தோன்றுகிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்பது உனக்குச் சுலபம். நான் அக்கா. திட்டுவேன், பிறகு வஞ்சிரம் வாங்கி வைப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு எழுதினாய். எனக்கு நீ ஒரு கெடுதலும் செய்யவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தட்டச்சு வேலை, ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் தோல் வெட்டுகிறேன். என் கால் என்னிடம்தான் இருக்கிறது.

விலாசம் கீழே. அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், அரசினர் பள்ளித் தமிழ். உன் அலுவலகச் சொற்கள் எதையும் போடாதே, அவளுக்குப் புரியாது. நீ செய்ததைச் செய்தேன் என்று எழுது.

பொ. கன்னியம்மா, காலனித் தெரு, நெடுங்குன்றம், வண்டலூர் வழி.

அக்கா


நெடுங்குன்றம்
27 ஜூன் 1993

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கன்னியம்மா எழுதும் கடிதம். நானும் அம்மாவும் நலம். தாங்களும் தங்கள் பிள்ளைகளும் நலமா?

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வெளிநாட்டிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா கைநாட்டு வைத்து வாங்கினாள். நான் சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள்.

பட்டறையை மூடச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். இரும்பு கிடைக்கவில்லை, அதனால் மூடிவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். புண் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, பட்டை அதன்மேல் படாமல் குப்புராஜ் அண்ணன் வளைத்துக் கொடுத்திருக்கிறார். நான் வளர்ந்துவிட்டேன், போன ஞாயிறு புது அளவு எடுத்தார்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வருஷம் ஐந்து மாதம் போகாததால் மறுபடியும் ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னோடு படித்த அஞ்சுகம் ஏழாவது போய்விட்டாள். அவள்தான் என் பையைத் தூக்கி வருவாள். ஏழாம் வகுப்புக்கு வேறு நேரம், அதனால் இப்போது நானே தூக்கிக்கொண்டு போகிறேன். பாடம் எல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும். டீச்சர் கேள்வி கேட்டால் நான் கையைத் தூக்குவதில்லை, சின்னப் பிள்ளைகள் சொல்லட்டும் என்று.

எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் கேட்டேன். "அவரு செஞ்சதே போதும்னு எழுது" என்றாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
பொ. கன்னியம்மா
ஆறாம் வகுப்பு